சர்க்கரை மூட்டை மேல் ஐந்து நாள்

1

இந்த வாரத்தோடு நாங்கள் நாட்டிங்காமுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. கொண்டாட்டம் ஒன்றும் இல்லை. குடியுரிமைப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். முதல் கேள்வியிலேயே வழக்கம்போல் மல்லுக்கட்டு. குடும்பப் பெயர் என்ன? எனக்கு ஏது குடும்பப் பெயர்? ஆவடியில் பிறந்து வளர்ந்த நான் சி. விஜயா, அவ்வளவுதான். வந்த புதிதில் அந்த 'சி'யை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதித் தொலைத்தேன். அன்றிலிருந்து மின்சார பில், நூலக அட்டை, பல் டாக்டர் சீட்டு எல்லாம் சின்னசாமி பெயருக்குத்தான் வருகின்றன. ஆவடியை விட்டு அசையாத என் அப்பாவுக்கு இங்கே பல் பிடுங்க மூன்று முறை தேதி கொடுத்தாகிவிட்டது.

அடுத்த கேள்வி, இதற்கு முன் எங்கெங்கே என்னென்ன வேலை பார்த்தீர்கள் என்பது. ஒரு வேலைக்கு ஒரு வரிதான் இடம். 'அம்பத்தூர், தொழிலாளர் பண்டகசாலைக்கு கம்ப்யூட்டர் புரோகிராம்' என்று ஆங்கிலத்தில் எழுதி முடித்தேன். அந்த ஒரு வரியில் அடங்காத மனிதர் ஒருவர் இருக்கிறார். அவரிடமிருந்து இதே வாரம் ஒரு கடிதமும் வந்து சேர்ந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இங்கே என் பிழைப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஊரில் பலர் நான் ஏதோ ராக்கெட் விடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் இருப்பது ஒரு மளிகைக் கம்பெனியில். ஊர் ஊருக்கு அவர்களுக்குக் கடைகள் உண்டு. அடுத்த வாரம் எந்தக் கடைக்கு எத்தனை ரொட்டி, எவ்வளவு பால், எவ்வளவு உருளைக்கிழங்கு போகும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் இருக்கிறது. அதை வைத்து வேலை செய்கிறவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எதை நம்புகிறார்கள், எங்கே பல்லைக் கடிக்கிறார்கள் என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. இதற்கு யூசர் ரிசர்ச் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி பேசுவார்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

போன மாதம் மோரீன் என்கிற அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கிளையில் ரொட்டிக்கு ஆர்டர் போடுகிறவள். முதல் நாள் பதினொரு மணிக்கு நம் ஊர் வழக்கப்படி சாப்பிட்டாச்சா என்று கேட்டுவைத்தேன். அவள் உடனே எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு என்னோடு சாப்பிடக் கிளம்பிவிட்டாள். வேறு வழி? நானும் பதினொரு மணிக்கு ஒரு சாண்ட்விச்சை விழுங்கினேன். அந்தக் கூத்துக்குப் பிறகு நாங்கள் சிநேகிதிகளாகிவிட்டோம்.

மோரீன் மீது ஒரு புகார் இருந்தது. மெஷின் இருபது ரொட்டி என்றால் அவள் இருபத்து நாலு என்று மாற்றிப் போடுவாள். போன வாரக் கூட்டத்தில் என் மேலதிகாரி கிரஹாம் கணக்கை எடுத்து விரித்தார். தினமும் கடை மூடும்போது இரண்டு ரொட்டி மிச்சம் இருக்கிறது, அப்படியானால் யாரும் ரொட்டி இல்லாமல் திரும்பவில்லை, மோரீன் சும்மா கூட்டிப் போடுகிறாள், இனி எண்ணை மாற்றுகிற அதிகாரம் அவளுக்கு வேண்டாம் என்றார்.

அப்போது மேஜை நடுவில் ஒரு தட்டு. அதில் ஒற்றை பிஸ்கெட். கூட்டம் ஆரம்பித்தபோது தட்டு நிறைய இருந்தது. இந்த ஊருக்கு வந்த ஏழு வருடத்தில் அந்தக் கடைசி பிஸ்கெட்டை ஒரு ஆள் எடுத்து நான் பார்த்ததில்லை. பசி வயிற்றைக் கிள்ளினாலும் தொட மாட்டார்கள். எனக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மன்னிக்கவும், எனக்கு அம்பத்தூர் ஞாபகம் வந்துவிட்டது என்றேன்.

2

எண்பதுகளின் பிற்பகுதி. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கரையான்சாவடி மெயின் ரோட்டில், ஒரு செருப்புக் கடைக்கு மாடியில், இரண்டே அறையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. முதலாளி ஜாகிர் பாய், பூந்தமல்லிக்காரர், மளிகை வியாபாரக் குடும்பம். ஆள் மொத்தம் நாலு பேர். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு தொழிலாளர் பண்டகசாலை இருந்தது. ஏழாம் தேதி சம்பளம் வந்ததும் ஜனங்கள் அட்டையும் பையுமாக வந்து அரிசி, பருப்பு, சர்க்கரை, புளி என்று ஒரு மாதச் சாமானை வாங்கிப் போகும் இடம். அடுத்த மாதத்துக்கு எத்தனை மூட்டை வரவழைக்க வேண்டும் என்று சொல்லும் புரோகிராம் அவர்களுக்கு வேண்டும் என்றார்கள். அதை நான்தான் எழுதினேன்.

அதுவரை அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தவர் ஸ்டோர் கீப்பர் தனசேகர். வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருவார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் இருக்கலாம். பத்து வருடம் அதே கிடங்கில் மூட்டை தூக்கினவர். ஒருநாள் லாரியிலிருந்து இறக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டு மாதம் படுக்கை. இனிமேல் பாரம் தூக்கினால் நடக்கவே முடியாமல் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நல்ல காலம், கணக்கில் கெட்டி என்று ஸ்டோர் கீப்பராக உட்கார வைத்தார்கள். ஒரு இரும்பு நாற்காலி கொடுத்தார்கள். அதற்கு அவர் மனைவி பழைய புடவையில் ஒரு மெத்தை தைத்துக் கொடுத்திருந்தாள். அந்த நாற்காலியில் தனசேகரைத் தவிர யாரும் உட்கார முடியாது. உட்காரவும் விடமாட்டார்.

பண்டகசாலைச் செயலாளர் ஒளிவுமறைவில்லாத மனிதர். முதல் நாளே என் எதிரில் வைத்தே சொல்லிவிட்டார். மூன்று மாதம் பார்ப்போம், மெஷின் சரியாகச் சொன்னால் அப்புறம் இவருக்கு அந்த நாற்காலியில் என்ன வேலை, பழையபடி லோடு இறக்கப் போகட்டும். தனசேகர் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் மேலே போய்விட்டேன். கம்ப்யூட்டர் பண்டகசாலை மாடியில் இருந்தது. ஏசி போட்ட அறை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்திருந்தார்கள். மூன்று மாதம் நான் அந்த அறையை விட்டுக் கீழே கிடங்குக்குள் போகவே இல்லை. போகத் தோன்றவும் இல்லை. அவ்வளவு கெட்டிக்காரி.

3

தனசேகர் சாயங்காலம் ஒவ்வொரு சாமானிலும் எத்தனை மூட்டை இருக்கிறது என்று சீட்டு எழுதி மேலே அனுப்புவார். அதை நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். புரோகிராமின் தர்க்கம் ரொம்ப எளிது. போன மாதம் துவரம்பருப்பு பத்து மூட்டை விற்றது, கையில் இன்னும் ஒரு மூட்டை இருக்கிறது, ஆகவே இந்த மாதம் ஒன்பது வரவழைத்தால் போதும். இதில் என்ன தப்பு சொல்ல முடியும்?

அந்த மாதக் கடைசி இரண்டு நாள் பருப்புக்கு இழுபறி. ஆனாலும் கையிருப்பு ஒரு மூட்டை என்று சீட்டு வந்தது. ஒன்பது விற்றது, ஒன்று இருக்கிறது, அடுத்த மாதம் எட்டு போதும் என்றது புரோகிராம். அதற்கும் அடுத்த மாதம் ஏழு. மாதத்துக்கு ஒரு மூட்டையாகப் பருப்பு இளைத்துக்கொண்டே போனது. மூன்றாவது மாதம் இருபதாம் தேதிக்கே பருப்பு இல்லை என்று ஆட்களைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். வேலை முடிந்து வந்த பெண்கள் வெறும் பையோடு மாடிப்படியில் ஏறி வந்து செயலாளரைப் பிடி பிடி என்று பிடித்துவிட்டார்கள்.

செயலாளர் என் பிரிண்ட் அவுட்டை எடுத்துப் பார்த்தார். இருபதாம் தேதிக்கு அப்புறமும் தினமும் சாயங்காலம் பருப்பு ஒரு மூட்டை, அரிசி ஒரு மூட்டை, சர்க்கரை ஒரு மூட்டை. ஒரு நாள்கூடப் பூஜ்யம் இல்லை. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. தனசேகரை மேலே கூப்பிட்டார்.

"கிடங்குல பருப்பு மூட்டை இருக்கா, இல்லையா?"

"கீது சார். ஒண்ணு கீது."

"இருக்கறப்பவே ஏன்யா ஜனங்களைத் திருப்பி அனுப்பினே?"

"அத்த எப்டி சார் குடுக்கறது?" என்றார் தனசேகர். இதுகூடத் தெரியாதா என்கிற குரலில் சொன்னார்.

அவ்வளவுதான். மெஷினைத் தோற்கடிக்க வேண்டுமென்றே பதுக்கியிருக்கிறான், கேட்டால் திமிராகப் பதில் சொல்கிறான் என்று செயலாளர் குதித்தார். வருகிற சனிக்கிழமை கமிட்டி கூட்டம், அதில் வைத்து இவரை லோடு இறக்க அனுப்பும் உத்தரவைப் போட்டுவிடுவதாகச் சொன்னார்.  தனசேகர் திரும்பிப் போகும்போது படியில் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். அந்த மனிதர் மேல் விழுந்த குற்றத்துக்கு ஒரே சாட்சி நான் அச்சடித்த காகிதம். 

4

திங்கட்கிழமை காலை நான் கீழே கிடங்குக்குப் போனேன். அங்கே உட்கார்ந்து என்ன நடக்கிறது என்று பார்க்கப் போகிறேன் என்றேன். தனசேகர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா மேடம், மேல ஏசி ரிப்பேரா?"

நாற்காலியைக் கொடுக்கவில்லை. கொடுப்பார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை, அவர் இருந்த நிலைமையில். சர்க்கரை அடுக்கில் தாழ்வாக இருந்த ஒரு மூட்டையைக் காட்டினார். ஐந்து நாளும் அதுதான் என் ஆசனம். சாயங்காலம் எழுந்தால் புடவையெல்லாம் பிசுபிசு, எறும்பு வேறு. ஆவடி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள்.

முதல் நாள் பார்த்ததை எல்லாம் எழுதினேன், ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் நாள் ஒன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு சாமானிலும் சுவரோரம் ஒரு மூட்டை தனியாக இருந்தது. வாயைப் பிரிக்காத மூட்டை, கோணியில் ஒரு மஞ்சள் பொட்டு. கிடங்கு ஆட்கள் யாரும் அதன் பக்கம் போகவில்லை. மற்ற மூட்டையெல்லாம் தீர்ந்தாலும் அதைத் தாண்டித்தான் நடந்தார்கள். புதன்கிழமை அரிசி லாரி வந்தது. புது மூட்டை ஒன்றை முதலில் இறக்கி, பொட்டு வைத்து, சுவரோரம் சாத்தினார்கள். அதற்கப்புறம்தான் பழைய பொட்டு மூட்டையைப் பிரித்து விற்க ஆரம்பித்தார்கள். இது என்ன அண்ணா என்று தனசேகரைக் கேட்டேன்.

"சாமி மூட்ட மேடம். காலியா வுடக் கூடாதில்ல?" என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், உங்க ஊட்ல அரிசி டப்பாவ தொடச்சி எட்ப்பீங்களா?" என்று கேட்டார்.

எனக்குப் பளார் என்று அறைந்த மாதிரி இருந்தது. எங்கள் வீட்டில் அரிசி டப்பாவின் அடியை நான் இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை. கடைசி ஒரு பிடி தங்கியே தீரும். தெரியாமல் கவிழ்த்துவிட்டால் அம்மா உயிரை எடுத்துவிடுவாள். இருபத்தாறு வருடம் அந்த வீட்டில் சோறு தின்றவள், ஒன்று மிச்சம் இருந்தால் அதையும் விற்கலாம் என்று புரோகிராம் எழுதி வைத்திருக்கிறேன். தனசேகரோ நேர்மையான ஆள். மூட்டை கண்ணெதிரே இருக்கிறது, அதனால் சீட்டில் ஒன்று என்று எழுதினார். செயலாளர் வீட்டிலும் அதே டப்பாதான் இருந்திருக்கும், அவர் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

இதை ஏன் செயலாளரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்கலையே மேடம் என்றார். எப்படிக் குடுக்கறதுன்னு கேட்டேனே, அதுக்கு மேல இன்னா சொல்றது என்றும் கேட்டார். நியாயம்தான்.

வியாழக்கிழமை இன்னொன்றும் தெரிந்தது. சோப்பு அட்டைப்பெட்டியின் ஒரு துண்டை மேஜை டிராயரில் வைத்திருந்தார். சாமான் இல்லாமல் ஒருவர் திரும்பிப் போகும்போதெல்லாம் அதில் பென்சிலால் ஒரு கோடு. மாதக் கடைசியில் அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் பத்து மூட்டை, பதினோரு மூட்டை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். என் புரோகிராமுக்கு விற்றது மட்டும்தான் தெரியும். வாங்க வந்து வாங்காமல் போனவர்களை அது கண்டதே இல்லை. அட்டையைப் பார்க்கக் கொடுத்தார், ஆனால் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார். "சனிக்கெழம என்னிய எறக்கிட்டா, இத்த அடுத்து வர்றவன்கிட்ட குடுத்துருங்க மேடம்" என்றார்.

5

வெள்ளிக்கிழமை ஜாகிர் பாயிடம் போய், தப்பு நம்முடையதுதான், அப்படித்தான் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார். புரோகிராமில் தப்பு என்று நாமே எழுதினால் எஸ்டேட்டில் இன்னொரு ஆள் நம்மைக் கூப்பிடுவானா என்று கேட்டார்.  அப்புறம் அவர் அப்பா கடையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஷட்டரை இறக்கும்போது எந்தச் சாக்கையும் காலியாக விட்டு இறக்க மாட்டாராம், கடைசி வீசைக்கு யார் வந்து நின்றாலும் காலையில் வா என்பாராம். "எனக்கே தோணலியேம்மா," என்றார். "எழுது. ஆனா உன் பேர் மட்டும் வேணாம், என் பேரையும் போட்டு எழுது."

சனிக்கிழமை கமிட்டி முன்னால் அந்தக் காகிதத்தைப் படித்தேன்.  செயலாளர் நம்பவில்லை. எல்லோரும் கீழே இறங்கினோம். சுவரோரம் ஆறு மூட்டை, ஆறிலும் மஞ்சள் பொட்டு. செயலாளர் பருப்பு மூட்டை முன்னால் நின்றார். வேண்டுமானால் பிரிக்கச் சொல்லட்டுமா சார் என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். செயலாளர் தன்னையறியாமல் ஒரு அடி பின்னால் வந்தார். "சேச்சே, இருக்கட்டும்" என்றார்.

அந்த 'இருக்கட்டும்' போதுமானதாக இருந்தது. புரோகிராமில் இரண்டு கட்டம் புதிதாகச் சேர்த்தேன். ஒன்று சாமி மூட்டை, அதைக் கையிருப்பில் சேர்க்காது. இன்னொன்று திரும்பிப் போனவர்கள். இரண்டையும் நிரப்ப ஒரு ஆள் கீழேயே இருக்க வேண்டும் என்று செயலாளரே சொன்னார். கம்ப்யூட்டர் மாடியிலிருந்து இறங்கி தனசேகரின் மேஜைக்கு வந்தது. அவர் ஒற்றை விரலால் தட்டக் கற்றுக்கொண்டார். ஏசி இல்லாமலும் மெஷின் நன்றாகத்தான் ஓடியது. நாற்காலி மட்டும் எனக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை.

6

இதையெல்லாம் கிரஹாமிடம் முழுதாகச் சொல்ல என் ஆங்கிலம் பத்தவில்லை, அவருக்குப் பொறுமையும் இல்லை. ஒரு சாயங்காலம் மட்டும் வாருங்கள் என்று மோரீனின் கடைக்கு இழுத்துப் போனேன். ரொட்டி அடுக்கில் இரண்டு மிச்சம். அரை மணி நேரம் நின்றோம். ஏழு பேர் வந்தார்கள், பார்த்தார்கள், ஒருத்தி கையில்கூட எடுத்தாள், வைத்துவிட்டுப் போய்விட்டாள். மிச்சம் கிடப்பதில் ஏதோ கோளாறு என்று பாதிப் பேருக்கு நினைப்பு, கடைசியை எடுப்பது மரியாதை இல்லை என்று மீதிப் பேருக்கு. மோரீனுக்கு இது எப்போதோ தெரியும். யாரும் கேட்கவில்லை என்றாள். அதே பதில்! எண்ணை மாற்றும் அதிகாரம் அவளிடமே இருக்கிறது. திங்கட்கிழமை கூட்டத்தில் கிரஹாம் கடைசி பிஸ்கெட்டை எடுத்து, எல்லோரும் பார்க்க, பாதியாக உடைத்து எனக்கு நீட்டினார். மறுபடி தட்டில் பாதி மிச்சம் விழாமல் நானும் தின்றுவிட்டேன்.

இனி கடிதம். நீல ஏரோகிராமை எதிர்பார்த்தால், கம்ப்யூட்டரில் அடித்துப் பிரிண்ட் எடுத்த தமிழ். ஒற்றை விரல் இப்போது தமிழும் தட்டுகிறது. அவர் பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார். என் ஒன்பது வயது மகள் காவ்யாவுக்குத் தமிழ் கேட்டால் பாதி புரியும், பதில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும். படிக்கத் தெரியாது, அதில் எனக்கு வருத்தம் உண்டு. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததால் வாய்விட்டுப் படித்தேன். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது, திருநின்றவூரில் ரயில் கூட்டம், எல்லாம் முடிந்த பிறகு விஷயத்துக்கு வந்திருந்தார்.

"மேடம், ரெண்டாயிரம் பொறந்தா நம்ம பழைய மிஷினு படுத்துக்கும்னு சொல்லி புதுசு போடறாங்க. போன வாரம் ஒரு பொண்ணு வந்துச்சி, உங்க வயசு இருக்கும் அப்போ. மேல போவல. நேரா என்கிட்ட வந்து நோட்டப் பிரிச்சி, இங்க இன்னா கஷ்டம்னு நீங்களே சொல்லுங்க சார்னு கேட்டுது. எங்க உக்காரட்டும்னு சுத்திப் பாத்துச்சி. உங்கள அஞ்சி நாளு சக்கர மூட்ட மேல உக்கார வச்சேனே, அது இன்னிக்கி வரைக்கும் உறுத்திகினே கீது. எந்திரிச்சி என் சேர அந்தப் பொண்ணுக்குக் குடுத்துட்டேன். நான் மூட்ட மேல உக்காந்துகினேன்."

காவ்யா, முதுகு வலித்திருக்குமே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கடிதத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. அதையும் படித்துக் காட்டினேன்.

"முதுகு வலிக்கவே இல்ல மேடம்."